வீட்டுத் திருடன்

அத்தியாயம் 11

இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் கேட்கலாம். திருடன் வேலை.

தினமும் காலையில் அவன் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தைச் சட்டையை மாட்டிக்கொண்டு முற்றத்தில் ஓடுவான். மாமனார் நாயை அவிழ்த்துவிடுவார். அது துரத்தி வந்து அவன் கையைக் கவ்வும். "விடு" என்று மாமனார் சொல்லும்வரை விடாது. ஒன்பது வருடங்களாக இதே ஓட்டம்.

நாய்கள் சாதாரணமானவை அல்ல. நின்றால் இடுப்பு உயரம். முன்காலைத் தூக்கித் தோளில் வைத்தால் ஆள் உயரம். காட்டுப்பன்றியை மடக்குவதற்கென்றே வளர்த்த வேட்டை இனம். வேட்டை நின்றுபோன பிறகு வீட்டுக் காவலுக்கு வந்தது. ஊரில் பெரிய கேட் போட்ட வீடு என்றால், உள்ளே மாமனார் பட்டியில் பிறந்த நாய் ஒன்று கட்டாயம் படுத்திருக்கும்.

பட்டியின் வாசலில் ஒரு பலகை. 'எங்கள் நாய் பொய் சொல்லாது.' எழுதியது மாமனார் கை.

அவர் தொழிலில் இரண்டு கண்டிப்புகள். ஒன்று, மெத்தைச் சட்டையைத் துவைக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அழுக்குச் சட்டைகளையும் துவைக்காமல் குட்டிகளுக்குக் கிழித்து விளையாடக் கொடுத்துவிட வேண்டும். "திருடன் வாசனை ஒண்ணா இருந்தாத்தான் குட்டிக்குக் குழப்பம் வராது" என்பார். இரண்டாவது, நாய் வாங்க வருகிறவர்கள் முன்னால் ஓடும்போது முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையே திருடன் வேஷம் கட்டுகிறார் என்று வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அழகில்லை. கேட்டால் "வெளியூர் ஆள்" என்று சொல்லிவிடுவார்.

குழப்பம் வரவில்லை. அந்தப் பட்டியில் பிறந்த ஒவ்வொரு நாய்க்கும் உலகத்தில் ஒரே ஒரு திருடன்தான். மாப்பிள்ளை தன் வீட்டுக்கே பின்சந்து வழியாகத்தான் போய் வந்தான். அவனுடைய ஆறு வயது மகள் அவனைக் கட்டிப்பிடித்தால், குளித்து உடை மாற்றிய பிறகுதான் முற்றத்தில் கால் வைக்கலாம்.

போன வாரப் புதன்கிழமை நடந்தது நினைவிருக்கும். அவன் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பஞ்சாலைக்கு வேலை கேட்டுப் போனான். பஞ்சாலை கேட்டில் இவர்கள் விற்ற நாய் ஒன்று நின்றது. அதோடு முடிந்தது நேர்முகத் தேர்வு. அன்று மாலைவரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினான்.

அதே புதன்கிழமை மதியம்தான் மரக்கடைக்காரர் வீட்டில் திருட்டு. என்ன போனது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. போலீசுக்கும் போகவில்லை. அதுதான் ஊருக்கு வியப்பு.

இனி இந்த வார வெள்ளிக்கிழமை, ஒன்பது நாள் கழித்து.

•

"ஏங்க திருடரே, இங்க கொஞ்சம் வாங்க."

மனைவி அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் கேலியாகத் தொடங்கியது, பிறகு பெயராகவே ஒட்டிக்கொண்டது. அடுக்களையில் குட்டிகளுக்குப் போடும் அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அவனுடைய நீலச் சட்டை.

"இது என்ன?"

பையிலிருந்து எடுத்த பஸ் டிக்கெட்டை நீட்டினாள்.

"டிக்கெட்டு."

"அது தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. தீவனக் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க. தீவனக் கடை எப்ப இருந்து பஸ் ஏறிப் போற தூரத்துக்குப் போச்சு?"

அவன் டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்தான்.

"இருக்கிறதிலேயே நல்ல சட்டை இது. இதைப் போட்டுக்கிட்டுத் தீவனம் வாங்கப் போன ஆளை நான் பாத்ததே இல்ல. யாரைப் பாக்கப் போனீங்க?"

"யாரையும் பாக்கல. அதுதான் விஷயமே."

"புரியற மாதிரி சொல்லுங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வாசலில் வேன் ஹாரன் கேட்டது. மூன்று முறை, இடைவெளி விடாமல். ஹாரன் அடித்த தினுசிலேயே வந்தவர் கோபமாக இருப்பது தெரிந்தது.

•

ஜன்னல் வழியே முற்றம் முழுதும் தெரியும். மரக்கடைக்காரர் வேனிலிருந்து இறங்கினார். கூடவே மரம் தூக்கும் ஆட்கள் இரண்டு பேர். மூன்றாவதாக இறங்கியது பட்டாளம்.

பட்டாளம் நாயின் பெயர். சாம்பல் நிறம், நெஞ்சு அகலம். பிறந்த வாரமே தாய் செத்துப்போனதால், மனைவிதான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாள். விற்றுவிட்டு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை.

"பெரியவரே, உங்க நாயைத் திருப்பிக் கொண்டாந்திருக்கேன்" என்றார் மரக்கடைக்காரர்.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "நாய்க்கு என்ன?"

"நாய்க்கு ஒண்ணுமில்ல. ராஜா மாதிரி இருக்கு. எனக்குத்தான் எல்லாம் போச்சு. வாங்கும்போது என்ன சொன்னீங்க? ஒரு தடவை பாத்த திருடனைப் பத்து வருஷம் ஆனாலும் விடாதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"இப்பவும் சொல்றேன்."

"திருடன் வந்தப்ப இது பின்கட்டுல கட்டிக் கெடந்துது. கண்டிப்பா பாத்திருக்கு. சரின்னு ஒம்போது நாளா இதை ஊரெல்லாம் கூட்டிக்கிட்டு அலையறேன். டிரைவர், தோட்டக்காரன், சமையல்காரி, போன வருஷம் வேலையை விட்டுத் தொரத்தினவன், ஒருத்தரையும் விடல. எல்லார்கிட்டயும் வாலை ஆட்டுது. அந்தத் தொரத்தினவன் மூஞ்சிய நக்குது!"

தூக்கும் ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மரக்கடைக்காரர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"காவலுக்கு நாய் வாங்கினேனா, வரவேற்புக்கு ஆள் வெச்சேனா?"

மாமனார் முகம் கறுத்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த முகத்தின் கணக்கு தெரியும். நாய் ஏன் யாரையும் கடிக்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இன்றைக்கு விளங்கியதா, பல வருடங்களாகவே தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

"அந்த வெளியூர் ஆளை வரச் சொல்லு!" என்று மாமனார் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "இவருக்கு நாய்னா என்னன்னு காட்டுவோம்."

அவர் செய்த தப்பு அதுதான். ஒன்பது வருடங்களாக வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்போதெல்லாம் அவர் கைகொடுக்கக் கூப்பிட்டது அந்த ஓட்டத்தைத்தான். பழக்கம் யோசிக்க விடவில்லை.

"போகாதீங்க" என்றாள் மனைவி.

"கூப்பிடறார்."

"எனக்கு என்னமோ சரியாப் படல. தலைவலின்னு சொல்லிடுங்க."

"தலைவலி வந்தா ஓடக் கூடாதுன்னு நாய்க்குத் தெரியுமா?" என்றான். அவள் சிரிக்கவில்லை.

மெத்தைச் சட்டையும் முகமூடியும் முற்றத்தின் ஓரத்தில் இருந்த கொட்டகையில் தொங்கின. பின்கதவைத் திறந்து சுவரை ஒட்டிப் பத்தடி நடந்தால் போதும். ஆறடி நடந்திருப்பான். காற்று அவன் பக்கமிருந்து முற்றத்துக்கு அடித்தது.

பட்டாளம் தலையைத் தூக்கியது.

அடுத்த நொடி தோல்வார் தூக்கும் ஆளின் கையைவிட்டுப் போயிருந்தது. குரைப்பு வரவில்லை. அந்த இனம் பாயும்போது குரைக்காது. அவன் கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். கதவில் ஆள் கனத்தில் ஒன்று வந்து மோதியது. மறுபடியும் மோதியது. கதவின் இடுக்கில் பற்கள் தெரிந்தன.

"விடு" என்றார் மாமனார். நாய் விலகி உட்கார்ந்தது. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.



"ஒம்போது நாள்" என்றார் மரக்கடைக்காரர் மெதுவாக. "ஒம்போது நாளா இதுக்குத்தான் அலைஞ்சேன். யாரு தம்பி அது? வெளிய வா."

•

அவன் வெளியே வந்தான். தோல்வாரை இப்போது மாமனார் பிடித்திருந்தார்.

"இது என் மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"தெரியுது. பின்சந்துல பதுங்கிப் பதுங்கிப் போறதைப் பாத்திருக்கேன். அப்பவே நெனச்சேன், நல்ல மனுசன் வாசல் வழியா வரமாட்டானான்னு." மரக்கடைக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார். "கேட்டைச் சாத்துங்கடா."

கேட் சாத்தப்பட்டது.

"புதன்கிழமை மத்தியானம் எங்க இருந்தே?"

"அண்ணே, நீங்க நெனக்கற மாதிரி இல்ல. இந்த நாய் என்னைத்தான் துரத்தும். எல்லா நாயும் என்னைத்தான் துரத்தும். அந்த வெளியூர் ஆள் நான்தான். மெத்தைச் சட்டை போட்டுக்கிட்டு ஓடறது நான்தான். என் வாசனைக்குத்தான் இதுங்களைப் பழக்கியிருக்கு."

"நான் கேட்டது அது இல்ல. புதன்கிழமை எங்க இருந்தே?"

அடுக்களைக் கதவருகே மனைவி நின்றிருந்தாள். நீலச் சட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"பஞ்சாலைக்குப் போயிருந்தேன். வேலை கேட்டு."

சொன்னவன் மரக்கடைக்காரரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தான். அவர் கண் ஒருமுறை சுருங்கியது. அவ்வளவுதான்.

"என்ன வேலை?" என்று மாமனார் கேட்டார்.

"குமாஸ்தா வேலை, மாமா."

"இங்க என்ன குறை வெச்சேன்?"

"குறைன்னு இல்ல..."

"அடுத்த வாரம் ஆறு குட்டிக்குப் பழக்கம் ஆரம்பிக்கணும். அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போயிருக்கீங்க."

மரக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க குடும்பக் கதையை அப்புறம் பேசுங்க. பஞ்சாலையில யாரு உன்னைப் பாத்தா? வாட்ச்மேனா? கூப்பிட்டுக் கேட்டுடலாமா?"

கேட்கலாம். வாட்ச்மேனுக்கு நன்றாகவே நினைவிருக்கும். நாய் எகிறியதும் அவன் தடியை எடுத்துக்கொண்டு, "எங்க நாய் சும்மா யார் மேலயும் பாயாதுய்யா, நீ யாரு?" என்று கேட்டுத் துரத்தியதும் இவனுக்கே மறக்கவில்லை.

"கேட்டுக்குள்ள போகல. அங்கயும் நாய் இருந்துது" என்றான்.

"அங்கயும் உன்னைப் பாத்துத்தான் பாஞ்சுதா?"

அவன் தலையசைத்தான்.

"ஊர்ல இருக்கிற அத்தனை நாயும் ஒருத்தனையே திருடன்னு சொன்னா, அவன் யாருடா?" என்று மரக்கடைக்காரர் தன் ஆட்களிடம் கேட்டார். இந்த முறை அவர்கள் சிரிப்பதற்கு அவர் தடை சொல்லவில்லை.

"நான் வந்திருந்தா உங்க நாய் ஊரைக் கூட்டியிருக்காதா அண்ணே?"

"பக்கத்துல என்னோட மர அறுவை மில்லு. ரம்பம் ஓடும்போது இடி விழுந்தாலும் கேக்காது. அதுவும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை திரும்பினான். இனிக் கேட்க ஒருவர்தான் பாக்கி.

"மாமா, நீங்க சொல்லுங்க. ஒரு வார்த்தை."

உண்மையிலேயே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. 'இவர்தான் அந்த வெளியூர் ஆள்.' அதைச் சொன்னால் மாப்பிள்ளை தப்பிப்பான். ஆனால் ஊரில் இருக்கும் நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் தங்கள் நாய் ஒரே ஒரு மனிதனைத்தான் துரத்தும் என்பது தெரிந்துவிடும். பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்கலாம்.

மாமனார் தோல்வாரைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார்.

"ஓடறது வெளியூர் ஆள்தான்" என்றார் மரக்கடைக்காரரிடம். "மாப்பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நாயைப் பழக்கினது என் கை. எங்க நாய் பொய் சொல்லாது."

"அப்பா!" என்று கதவருகிலிருந்து கேட்டது.

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை. கையிலிருந்த நீலச் சட்டையை உதறினாள். புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். பித்தானைப் போட அவசரத்தில் வரவில்லை. அப்படியே படியிறங்கினாள்.

"மரக்கடைக்கார அண்ணே, நல்லாப் பாருங்க. இந்த நாய்க்குப் பால் ஊட்டினது நான். என் மடியிலதான் கண்ணு திறந்துது. புதன்கிழமை நான் இந்த வீட்டை விட்டு நகரல, பள்ளிக்கூடத்து டீச்சரே மத்தியானம் முழுக்க இங்கதான் உக்காந்திருந்தாங்க. இப்ப என் மேல இருக்கிறது இவர் சட்டை. துவைக்காத சட்டை. இது சட்டையைத்தான் துரத்துது, ஆளை இல்ல. பாருங்க."

"வேண்டாம்!" என்று அவன் கத்தினான்.

பட்டாளம் எழுந்து நின்றது. அவளைப் பார்த்து வால் ஒருமுறை ஆடியது. இரண்டாவது முறை ஆடுவதற்குள் வாசனை போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமனார் கையில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது தோல்வார். அவர் பிடித்திருக்கலாம். பிடிக்க முடியாமலும் போயிருக்கலாம். அவன் பார்த்தது, தோல்வார் அவர் விரல்கள் வழியாக நழுவியதை மட்டும்தான்.

பழக்கியபடியே நாய் முன்கையைக் கவ்வியது. மெத்தைச் சட்டையில் பஞ்சு இருக்கும். நீலச் சட்டையில் அவள் கை மட்டும்தான் இருந்தது.

அவள் அலறவில்லை. "பட்டு, நான்தாண்டா, நான்தாண்டா" என்று சொல்லிக்கொண்டே முழங்கால் மடிந்து உட்கார்ந்தாள். அவன் ஓடி வந்து நாயின் தாடையில் இரண்டு கையையும் விட்டு இழுத்தான். அது இவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. எடுத்த வேலையை முடிப்பதில் அந்த இனத்துக்கு இணை இல்லை என்று மாமனார் எல்லோரிடமும் சொல்வார்.

"சொல்லுங்க மாமா! விடச் சொல்லுங்க!"

மூன்று எண்ணும் நேரம் போனது.

"விடு."

நாய் விட்டது. நீலச் சட்டையின் கை கறுப்பாகிக்கொண்டே வந்தது.

மரக்கடைக்காரர் வாய் பிளந்து நின்றார். அவன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். இப்போதாவது புரிந்திருக்கும். புரியாமல் இருக்கவே முடியாது.

"அடப்பாவிங்களா" என்றார் மரக்கடைக்காரர். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா?"

 அவனுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. அது சிரிப்பில்லை.

"டீச்சர் இருந்தாங்களாம், பால் ஊட்டினாளாம்! வளத்த நாயே காட்டிக்கொடுக்குது பாத்தீங்களா பெரியவரே? பெத்த பொண்ணுன்னும் பாக்கல. இதுதான் நாய்!"

மாமனார் அவர்கள் பக்கம் வந்தார். மகளுக்கு எதிரே முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். அவள் கடிபட்ட கையை அவர் பக்கம் நீட்டினாள், சின்ன வயதில் முள் குத்திக்கொண்டு வந்து நீட்டியதைப்போல.

அவர் நாயின் வாயைத் திறந்து, உதட்டைத் தூக்கி, மேல்வரிசைப் பற்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார்.

"இப்படியா தாடையப் புடிச்சு இழுக்கறது?" என்றார். "பல்லு போயிருந்தா?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, கேட்டைத் திறங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான் அவன்.

"என் பொருள் கைக்கு வராம ஒரு ஈ காக்கா இங்கிருந்து வெளிய போகாது."

"ரத்தம் போகுதுண்ணே."

"போகட்டும். எனக்குப் போனது அதைவிடப் பெரிசு. போலீசெல்லாம் நமக்கு வேண்டாம். ரெண்டு பேரையும் வேன்ல ஏத்தி மில்லுக்குக் கொண்டுபோனா, ரம்பத்துப் பக்கத்துல நிக்க வெச்சுக் கேட்டா, தானா வரும்."

அவன் மாமனாரைப் பார்த்தான். கடைசித் தடவையாகப் பார்த்தான். அவர் நாயின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவன் எழுந்து, கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்றான். உள்ளே ஆணியில் மெத்தைச் சட்டை தொங்கியது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை விடுங்க" என்றான். "நான்தான் எடுத்தேன்."

"ஏங்க!" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. நான்தான் அண்ணே. புதன்கிழமை மத்தியானம். தனியாத்தான் வந்தேன். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, நான் உங்ககூட வரேன்."

மரக்கடைக்காரர் ஒரு பெருமூச்சு விட்டார். கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தூக்கும் ஆட்களில் ஒருவன் அவளை எழுப்பி, வேனின் முன்சீட்டில் உட்கார வைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் அவனைப் பார்த்தாள். வாய் அசைந்தது. திருடரே என்றாளா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

மாமனார் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாயின் தலையைத் தடவினார்.

"கேட்டீங்கல்ல?" என்றார் மரக்கடைக்காரரிடம். "பலகையில சும்மாவா எழுதி வெச்சிருக்கேன்?"

"மன்னிச்சுக்கங்க பெரியவரே. நாயைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்."

வேன் கிளம்பிப் போனது. மரக்கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கோபமெல்லாம் இறங்கியிருந்தது. முகத்தில் வேறு ஒன்று இருந்தது. அவர் பயந்துபோயிருக்கிறார் என்பதை அவன் அப்போதுதான் கவனித்தான்.

குரலைத் தாழ்த்தி, மாமனாருக்குக்கூடக் கேட்காமல் கேட்டார்.

"அதை எங்க வெச்சிருக்கே?"

அவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எது என்று எப்படிக் கேட்பான்?

"பிரிச்சுப் பாத்தியா?" என்றார் அவர்.